மூணாற்றுக் கொல்லையில் மாமரம் நடலாமா

மூணாற்றில் மாமரம் வளருமா என்று கேட்பவர்களிடம், வளரும், ஆனால் பழுக்குமா என்பது வேறு கேள்வி என்றுதான் நான் சொல்லி வருகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்தவர்கள். பாட்டன் காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்தோ போடி, கம்பம் பக்கமிருந்தோ மலையேறி வந்து, லயம் என்னும் எஸ்டேட் வரிசை வீட்டில் ஒரு தலைமுறையைக் கழித்து, பணி ஓய்வுக்குப் பிறகு தேவிகுளம் வட்டத்தில் எங்கேயோ ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலம் வாங்கி வீடு கட்டியவர்கள். சொந்த மண் என்று ஒன்று கைக்கு வந்ததும் அவர்கள் மனத்தில் முதலில் எழுவது ஊரில் பார்த்த மாவும் கொய்யாவும் பப்பாளியும் வாழையும்தான். மலைக்குப் பழகிய பிளம்ஸும் பேரியும் பிறகே நினைவுக்கு வருகின்றன. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பெரியகுளத்தில் பிறந்த என் மாமியார், வீடு குடிபுகுந்த அன்றே கொல்லையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஒரு கல்லாமைக் கன்னு வச்சுப் பாருங்க மாப்பிள்ளை” என்றார்; கல்லாமை என்பது ஒரு மா ரகம். வைத்தேன். அந்த மரத்தையும் அதைச் சுற்றி நட்ட மற்ற மரங்களையும் வளர்த்த அனுபவத்தில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், தெற்கு நோக்கி இறங்கும் சரிவில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், மேல்மண் சரிந்து வராமல் இருக்க ஆளுயரத்துக்கும் சற்று அதிகமாகக் கட்டிய கருங்கல் கையாலை ஒன்று உண்டு. கொல்லை முழுவதையும் அளந்தால் சில சென்ட்தான் தேறும். ஆனால் அந்தச் சில சென்ட்டுக்குள்ளேயே ஒரே இரவில் ஒரு மூலையில் புல் வெளுத்து உறைந்திருக்க, இன்னொரு மூலையில் பூசணிக் கொடி ஒரு கீறலும் இல்லாமல் நிற்பதைப் பார்க்கலாம். கொல்லையில் பழமரம் வைப்பவர் முதலில் கற்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

உயரம் ஏற ஏறக் காற்றின் வெப்பம் குறைவது எல்லோரும் அறிந்தது. சராசரியாக 1,000 மீட்டருக்கு ஆறு முதல் ஆறரை டிகிரி வரை குறையும். போடியில் 32 டிகிரி இருக்கும் பகலில் இங்கே 24, 25 இருக்கும். அந்தப் பகல் வெப்பம் மாமரத்துக்குப் போதாது என்று சொல்ல முடியாது. நாங்கள் பூமத்திய ரேகையிலிருந்து பத்து டிகிரி வடக்கில்தான் இருக்கிறோம் என்பதால், ஐரோப்பாவைப் போல மாதக்கணக்கில் தொடரும் குளிர்காலம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் மரத்தைத் தாக்கும் குளிர் இரண்டு வேறு உருவங்களில் இரண்டு வேறு பருவங்களில் வருகிறது. ஒன்று, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த வானத்தோடு வரும் உறைபனி இரவுகள். மற்றொன்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலே இல்லாமல் நனைந்துகொண்டிருக்கும் மழைக்காலம். முதலாவது மரத்தை ஓரிரவில் கொல்லும் என்பதால் எல்லோரும் அதற்கே அஞ்சுகிறார்கள். சுவராலும் தண்ணீராலும் சாக்காலும் வெல்லக்கூடியது அதுதான். இரண்டாவது அப்படி ஓரிரவில் எந்த மரத்தையும் கொல்வதில்லை என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. மரத்தைப் பழுக்கவிடாமல் செய்வதோ அதுவே.

உறைபனி எப்படி விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பகலில் வெயிலை வாங்கிய நிலம் இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி வெளியிடுகிறது. மேகமோ மூடுபனியோ இருந்தால் அந்த வெப்பத்தில் ஒரு பகுதி திரும்பி வரும். வானம் தெளிவாகவும் காற்று அசையாமலும் இருந்தால் திரும்பி வர எதுவும் இல்லை. ஆகவே மூடுபனி சூழ்ந்த இரவில் கவலையின்றித் தூங்கலாம். நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும் இரவில்தான் கன்றை மூடச் சாக்கை எடுக்க வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் இலைகளில் நீர்ப்பனிதான் படியும், பின்னர் சில வாரங்களில் அதுவே உறைபனியாக மாறும். வெப்பமானி சைபரைக் காட்டவில்லையே என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. ஆள் நெஞ்சுயரத்தில் மாட்டிய வெப்பமானி மூன்று டிகிரியைக் காட்டும்போதே, வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல்லின் நுனி சைபருக்குக் கீழே போயிருக்கும். முழங்கால் உயரமுள்ள கன்றுக்குப் பொருந்துவது புல்லின் வெப்பநிலைதான்.

குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கி, பள்ளத்தில் தேங்கும். செண்டுவாரை, லட்சுமி, செவன்மலை, சைலன்ட்வேலி ஆகிய எஸ்டேட்டுகளில் சைபருக்குக் கீழே போனது என்று ஆண்டுதோறும் செய்தி வரும்போது, அங்கெல்லாம் முதலில் வெளுப்பது ஓடையோரமும் மைதானமும் போன்ற தாழ்ந்த இடங்கள்தான் என்பதைக் கவனித்தால் இது விளங்கும். அதே எஸ்டேட்டில் சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் தேயிலைச் செடி பெரும்பாலும் தப்பிக்கும். வீட்டு மனை வாங்கும்போது சமதளமாக இருக்கிறது என்பதற்காகப் பள்ளத்து நிலத்தை விரும்புவது நம்மவர்களின் இயல்பு. பழமரத்தைப் பொறுத்தவரை அது மிக மோசமான தேர்வு. சரிவில் இருப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொல்லையின் கீழ் எல்லையில் அடைப்பாக மதில் கட்டினாலோ நெருக்கமாக வேலிச்செடி வைத்தாலோ, மேலிருந்து இறங்கி வரும் குளிர்காற்று அங்கே தடைப்பட்டு உங்கள் கொல்லைக்குள்ளேயே தேங்கும். கீழ்ப்பக்க வேலியில் தரையோடு ஒட்டி இடைவெளி விட வேண்டும். மேல்பக்கம் அடைப்பாக இருப்பது நல்லது. வரும் குளிரை அது இரு பக்கமும் திருப்பிவிடும். எங்கள் கையாலை அந்த வேலையையும் செய்கிறது.

கையாலையின் முதன்மையான பயன் வெப்பத்தைச் சேமிப்பது. இது பழைய அறிவு. பாரிசுக்கு அருகிலுள்ள மோந்த்ரேய் என்ற ஊரில் 17ஆம் நூற்றாண்டு முதல், ஜிப்சம் சாந்து பூசிய சுவர்களை வரிசை வரிசையாகக் கட்டி, அவற்றின் மேல் பீச் மரங்களின் கிளைகளை விரித்துக் கட்டி, அந்தக் குளிர் நாட்டில் வெப்பப் பகுதியின் பழத்தை விளைவித்தார்கள். உச்சத்தில் அந்தச் சுவர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் இருந்தது. ஆனால் ஐரோப்பியர்கள் சொல்லும் ‘தெற்கு நோக்கிய சுவர்’ என்ற அறிவுரையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அவர்களுக்கு ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் தெற்கில்தான் இருக்கும். நமக்கோ ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் தெற்கிலும், மீதி மாதங்களில் வடக்கிலும் இருக்கும். டிசம்பர் 21 அன்று நண்பகலில் அது தெற்கு வானில் ஏறத்தாழ 56 டிகிரி உயரத்தில் நிற்பதால், தெற்கு நோக்கிய சுவர் நல்ல வெயிலைப் பெற்று மாலைக்குள் சூடேறிவிடும். உறைபனிக் காலத்துக்கு இது மிகப் பொருத்தம். ஜூன் மாதத்தில் அதே சுவர் நிழலில் இருக்கும். அதன் விளைவைப் பிறகு சொல்கிறேன்.

தெற்குச் சுவர் வாய்க்காதவர்கள் மேற்கு நோக்கிய சுவரைத் தேர்ந்தெடுக்கலாம். கிழக்கு நோக்கிய சுவரைத் தவிர்ப்பது நல்லது. இரவில் உறைந்த இலைமேல் விடிந்தவுடன் வெயில் நேராக விழுந்தால், பனி வேகமாக உருகி இலைத் திசுக்களுக்கு உறைந்ததால் வந்த சேதத்தைவிடக் கூடுதலான சேதம் வந்துவிடும். மெல்ல இளகும் இலையே பிழைக்கிறது. காலை வெயில் நல்லது என்று பழகிய நமக்கு இது முதலில் ஏற்றுக்கொள்ளக் கடினமாகத்தான் இருக்கும்.

சுவருக்கு அடுத்தபடியாகத் தண்ணீர். கறுப்பு வண்ணம் அடித்த 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கன்றுக்கும் சுவருக்கும் இடையில் வெயில் படும்படி வைத்தால், மாலையில் 18 டிகிரியில் இருக்கும் தண்ணீர் விடியும்போது 8 டிகிரிக்கு இறங்கும்போது வெளியிடும் வெப்பம் 2.3 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதே கனஅளவுள்ள கருங்கல் அதில் பாதி வெப்பத்தைத்தான் சேமிக்கும். அந்த 2.3 யூனிட்டும் கன்றுக்கே போய்ச் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது, பெரும்பகுதி திறந்த வானத்துக்குத்தான் போகும். ஆனால் டிரம்மையும் கன்றையும் சேர்த்து மேலே ஒரு மூடாப்பு போட்டால் நிலைமை மாறிவிடும். மூடாப்பு தரை வரை தொங்கி, மண்ணிலிருந்து எழும் வெப்பத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பலர் செய்வதுபோல் இலைப்பகுதியை மட்டும் சாக்கால் சுற்றித் தண்டோடு சேர்த்துக் கட்டினால், மண்ணின் வெப்பம் உள்ளே வர வழியே இல்லை. பாலித்தீன் தாள் இலையைத் தொடக் கூடாது, தொட்ட இடம் கருகும். காலையில் பனி விலகியதும் மூடாப்பை எடுத்துவிட வேண்டும்.

மூடாக்கு விஷயத்தில் நம் வழக்கத்துக்கு மாறான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்திலும் கோடையிலும் மரத்தடியில் சருகும் புல்லும் பரப்புவது நல்லதுதான். ஆனால் உறைபனிக் காலத்தில் அந்தச் சருகு, மண்ணுக்குப் போர்வையாகி, பகல் வெயில் மண்ணுக்குள் இறங்குவதையும் இரவில் மண்ணின் வெப்பம் மேலே வருவதையும் தடுத்துவிடுகிறது. சருகின் மேற்பரப்பு வெற்று மண்ணைவிடக் கூடுதலாகக் குளிர்கிறது. ஆகவே நவம்பர் கடைசியில் மரத்தடிச் சருகை ஒதுக்கி, மண்ணை வெயில் படும்படி விட்டு, வானம் தெளிவாக இருக்கும் நாளில் பகலிலேயே நீர் பாய்ச்சி வைக்கிறேன். ஈரமண் வறண்ட மண்ணைவிட அதிக வெப்பத்தைச் சேமித்து எளிதாகக் கடத்தும். விடியற்காலையில் இலைமேல் தண்ணீர் தெளிப்பது வேறு முறை. நீர் உறையும்போது வெளிவரும் வெப்பம் இலையைக் காக்கும் என்பது உண்மைதான் என்றாலும், பனி உருகி முடியும் வரை நிறுத்தாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஈரம் ஆவியாகி இலையை மேலும் குளிர்விக்கும். வீட்டுக் குழாய் நீரை நம்பி இதில் இறங்குவது புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவையும் செய்தால் ஒரு மாங்கன்று இங்கே உறைபனியைத் தாண்டிவிடும். சிறு கன்று சைபருக்குக் கீழே ஓரிரு டிகிரி இறங்கினாலே தண்டு வரை கருகக்கூடியது. முதிர்ந்த மரமோ இலையையும் நுனிக்கிளையையும் இழந்தாலும் மறுபடி துளிர்க்கும். எனவே முதல் சில குளிர்காலங்களில்தான் இத்தனை கவனிப்பும் தேவைப்படுகிறது. எங்கள் கல்லாமையும் அப்படித்தான் தப்பி, கையாலையின் உயரத்தைத் தொட்டு, பூத்தது. கொல்லைக்கு வந்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மாமரம் பூப்பதற்குக் குளிர்ந்த இரவுகள் உதவுகின்றன. சமவெளியில் மார்கழி, தை மாதங்களின் மிதமான குளிரில் அது பூக்கிறது. இங்கே குளிருக்குக் குறைவில்லை என்பதால் பூங்கொத்துகள் ஏராளமாக வரும். ஆனால் இரவு வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருக்கும்போது மகரந்தத்தின் உயிர்ப்பு குறைகிறது. மகரந்தக் குழாய் வளர்ந்து சூலை அடைவதும் தடைப்படுகிறது. குளிர்ந்த ஈரக்காற்றில் சாம்பல் நோயும், காலைப் பனியில் பூங்கொத்து நனைந்தே இருப்பதால் பூவையும் பிஞ்சையும் கருக்கும் பூஞ்சாணமும் வந்து சேர்கின்றன. மிதவெப்ப நாடுகளில் இதற்கு ஓர் உத்தி உண்டு: முதலில் வரும் பூங்கொத்தைக் கிள்ளிவிட்டால், அதன் பக்கத்து மொட்டுகளிலிருந்து சில வாரங்கள் கழித்து, இரவு சற்று வெப்பமடைந்த பிறகு, மறுபடியும் பூ வரும். அவர்களுக்கு அது பலனளிக்கிறது, ஏனென்றால் பூவுக்குப் பின்னால் நீண்ட கோடை காத்திருக்கிறது. நமக்குப் பின்னால் காத்திருப்பது தென்மேற்குப் பருவமழை.

கணக்கைப் பாருங்கள். சமவெளி வெப்பத்தில் பூத்ததிலிருந்து காய் முற்ற நூறு, நூற்றிருபது நாட்கள் ஆகும்; இந்தக் குளிரில் அது இன்னும் நீளும். ஜனவரியில் பூத்துக் காய் பிடித்தாலே ஜூன் தொடக்கத்தில்தான் முற்றும் நிலைக்கு வரும். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் பூக்க வைத்தால் ஜூலையில் முற்ற வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் மழை இறங்கிவிட்டால், பிறகு வாரக்கணக்கில் வெயிலே தெரியாது. வானம் முழுவதும் மேகம், நாள் முழுவதும் தூறல். சூரியனும் வடக்கே போயிருப்பதால், டிசம்பரில் அத்தனை உதவிய தெற்குச் சுவர் அந்த மாதங்களில் ஈரமான நிழல் சுவராகிவிடுகிறது. இலை சர்க்கரையைத் தயாரிக்க வெளிச்சம் இல்லை, காய்க்குள் இனிப்பு ஏற வெப்பம் இல்லை, தோலில் கரும்புள்ளி படர ஈரம் மட்டும் வேண்டிய அளவு இருக்கிறது. முன்கூட்டிப் பூத்தால் குளிர் கெடுக்கிறது, பின்தள்ளிப் பூத்தால் மழை கெடுக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மாம்பழத்துக்குத் தேவையான இடைவெளி மூணாற்றுப் பருவத்தில் இல்லை. எங்கள் மரத்தில் பிடிக்கும் காய்களை மே கடைசியில் காயாகவே பறித்துவிடுகிறோம். ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் அவை நன்றாகவே இருக்கின்றன. பெரியகுளத்துப் பழத்தின் சுவையை அவற்றில் எதிர்பார்க்க முடியாது என்பதை என் மாமியாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

சுவர் தரக்கூடியது இரவு வெப்பம் மட்டுமே. மேகம் மறைத்த பகல் வெளிச்சத்தை அதனால் தர முடியாது. இதற்குச் சான்று வேண்டுமானால் உடுமலைச் சாலையில் 40 கிலோமீட்டர் போய் மறையூரைப் பார்த்தால் போதும். மூணாற்றுக்கு மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டும் மேகம் அங்கே வறண்டுதான் போகிறது. சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த மழைமறைவுப் பள்ளத்தாக்கில் கரும்பு விளைகிறது, சந்தனம் வளர்கிறது, மாவும் பழுக்கிறது. உயரத்தால்தான் இந்த வேறுபாடு என்பவர்கள் இன்னும் 15 கிலோமீட்டர் ஏறிக் காந்தலூருக்குப் போகலாம். கிட்டத்தட்ட எங்கள் உயரத்திலேயே இருக்கும் அஞ்சுநாடு எனும் மறையூர்ப் பகுதியின் அந்தக் கிராமத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, பிளம்ஸ் முதல் மரத்தக்காளி வரை இனிப்பேறிப் பழுக்கின்றன. அங்கேயும் குளிர் இருக்கிறது. இல்லாதது எங்கள் ஆடி மாதத்து மேகம்தான்.

மற்ற சமவெளி மரங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பப்பாளி எளிதில் முளைக்கும், வேகமாக உயரும், ஆனால் நீர் தேங்கும் மண்ணில் வேர் அழுகிச் சாயும். மேட்டுப்பாத்தியில் காப்பாற்றினாலும் குளிரில் பூக்களின் அமைப்பே பிறழ்ந்து கோணலான காய்கள் வரும், பழம் சப்பென்று இருக்கும். சப்போட்டாவுக்கும் ரம்புட்டானுக்கும் மங்குஸ்தானுக்கும் இந்த உயரத்தில் இடமே இல்லை; அடிமாலிக்கும் கீழே இறங்கிய பிறகு அவற்றை நினைக்கலாம். சமவெளியில் ஏறத்தாழ ஓராண்டில் தார் தரும் வாழை இங்கே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் எடுக்கும். குலை தள்ளும் நேரத்தில் குளிர் கூடினால் அது தண்டின் கழுத்திலேயே சிக்கிக்கொள்ளும். பழனி, சிறுமலைப் பகுதிகளின் விருப்பாச்சி ரகம் மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் வாழையையும் பலாவையும் எங்கள் பகுதியில் நடாமல் இருப்பதற்கு வானிலையைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு, அது யானை. மூணாறு மக்கள் ‘படையப்பா’ என்று பெயர் வைத்து அழைக்கும் கொம்பன் எந்தச் சாலையில் வரும், எந்தக் கடையின் பழக்கூடையைக் காலி செய்யும் என்று இங்கே யாராலும் சொல்ல முடியாது. பலாப்பழ வாசனையைக் கொல்லைக்குள் வைத்துக்கொண்டு இரவில் பின்கதவைத் திறப்பது நல்லதல்ல. குழந்தைகள் இருக்கும் வீடுகளில் இந்த இரண்டையும் வைக்க வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அப்படியானால் என்ன நடுவது? வெப்பமண்டலத்திலேயே மலைமேல் தோன்றிய மரங்கள் இருக்கின்றன. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளும் மெக்சிகோவின் மேட்டுநிலங்களும் எங்களைப் போலவே பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் உயரத்தால் குளிர்ந்தவை. அங்கே தோன்றிய மரங்களுக்குக் கடுங்குளிர்காலம் தேவையில்லை, கொளுத்தும் கோடையும் தேவையில்லை. அவற்றை இந்தச் சுவரோரத்தில் வைத்தபோதுதான் கொல்லை உண்மையிலேயே பழம் தரத் தொடங்கியது.

அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது செரிமோயா. நம் சீத்தாப்பழத்தின் மலைவாழ் உறவு என்று அதைச் சொல்லலாம். சீத்தா இந்தக் குளிரில் முடங்கிவிடும். செரிமோயா இலை உதிர்த்து, சைபருக்கு ஓரிரு டிகிரி கீழே வரை தாங்கி, வெயில் திரும்பியதும் துளிர்க்கும். அதற்கு ஒரு விசித்திரம் உண்டு. பூ முதலில் பெண்ணாகத் திறக்கிறது. அந்த நிலை முடிந்த பிறகு, மறுநாள் பிற்பகலில் ஆணாக மாறி மகரந்தம் உதிர்க்கிறது. அதனால் ஒரு பூ தன்னைத்தானே சேர்த்துக்கொள்வது அரிது. அதன் சொந்த நிலத்தில் சிறு வண்டுகள் செய்யும் வேலையை இங்கே நாம்தான் செய்ய வேண்டும். மாலையில் ஆண் நிலையில் இருக்கும் பூக்களின் மகரந்தத்தைச் சிறு டப்பாவில் உதிர்த்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் பெண் நிலையில் பாதி திறந்திருக்கும் பூக்களுக்குள் தடவிவிட வேண்டும். பொறுமை வேண்டும், கண்ணாடி அணிந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். சூல்முடி முழுவதிலும் மகரந்தம் படாவிட்டால் பழம் ஒரு பக்கம் சூம்பிவிடும். சரியாகத் தடவிய பூ உருண்டு திரண்ட பழமாகிறது. அதன் சதை பால்கோவாவுக்கு நெருங்கிய மென்மையும் லேசான புளிப்பும் உடையது.

மரத்தக்காளி ஏற்கெனவே இம்மலைகளுக்குப் பழகியது, சுற்றுலாப் பயணிகளுக்குச் சாலையோரத்தில் விற்கப்படுவது. விதை போட்டு இரண்டாண்டுக்குள் காய்க்கும். வேர் மேலோட்டமாக ஓடுவதாலும் கிளை எளிதில் ஒடிவதாலும் ஆடிக்காற்று நேராகப் படாத இடமாகப் பார்த்து நட வேண்டும். இளம் செடி உறைபனியில் போய்விடும் என்பதால் அதற்கும் கையாலையின் அருகிலேயே இடம் கொடுத்திருக்கிறேன். பேஷன் ஃப்ரூட்டில் ஊதா நிறக் காய் காய்க்கும் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். மஞ்சள் வகைக்கு அதிக வெப்பம் தேவை, வேறொரு கொடியின் மகரந்தமும் தேவை. ஊதா வகை மலைக்குளிரை விரும்புவது, தனிக்கொடியாகவே காய்ப்பது. சிறிய சிவப்புப் பழம் தரும் ஸ்ட்ராபெரிக் கொய்யா இங்கே அருமையாக வளரும்; சாதாரணக் கொய்யாவைவிடக் குளிரைத் தாங்கும். ஆனால் ஹவாய்த் தீவுகளிலும் மொரீஷியஸிலும் பறவைகள் அதன் விதையைக் காட்டுக்குள் பரப்பி, அங்குள்ள காடுகளையே அது நெருக்கிவிட்டது. சோலைக்காட்டை ஒட்டிய வீடுகளில் அதை வைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. எங்கள் கொல்லையிலும் வைக்கவில்லை.

வெண்ணெய்ப்பழத்தை, இங்கே எல்லோரும் சொல்வதுபோல் பட்டர் ஃப்ரூட்டை, கடைசியாகச் சொல்வதற்குக் காரணம் அதில்தான் அதிகப் பேர் ஏமாறுகிறார்கள். அதில் மூன்று இனங்கள் உண்டு. மேற்கிந்தியத் தீவு இனம் கடலோர வெப்பத்துக்குரியது, குளிரைத் தாங்காது. குவாத்தமாலா இனம் இடைநிலை. மெக்சிகோ மலையினம் மூன்றிலும் அதிகக் குளிரைத் தாங்கும். அதன் இலையைக் கசக்கினால் பெரும்பாலும் சோம்பு வாசனை வரும், நர்சரியில் இனத்தை அறிய இது எளிய வழி. கேரளத்துச் சமவெளி நர்சரிகளில் பளபளக்கும் பெரிய பழத்தின் படத்தைத் தொங்கவிட்டு விற்கப்படும் ஒட்டுக்கன்று எந்த இனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாங்க வேண்டாம். தமிழ்நாட்டில் கீழ்ப்பழனி மலையிலுள்ள தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. அந்த நிலையம் இருப்பதும் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில்தான் என்பதால், இன்னும் மேலே இருக்கும் நாம் அதையும் சுவரோரம் வைத்துப் பார்ப்பதே நல்லது. குளிரைவிட இந்த மரத்துக்கு எமன் வேரழுகல். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்யும் ஊரில் குழி தோண்டி நட்டால் அந்தக் குழி குளமாகிவிடும். தரைக்கு மேலே இரண்டடி உயரத்துக்கு மண்ணும் சரளைக்கல்லும் மட்கிய எருவும் கலந்து மேடு கட்டி, அதன் உச்சியில் நட வேண்டும். கையாலையிலிருந்து கசியும் நீர் அந்த மேட்டுக்குள் வராமல் இருக்க, சுவரடியில் ஒரு சிறு வடிகாலும் வெட்டி வைக்க வேண்டும்.

எல்லா மரங்களுக்கும் பொதுவான சில வேலைகள் உண்டு. செப்டம்பருக்குப் பிறகு தழைச்சத்து அதிகமுள்ள உரம், கோழி எரு உட்பட, எதுவும் போடக் கூடாது. போட்டால் டிசம்பரில் இளங்கொழுந்து வரும், உறைபனி முதலில் தேடி வருவது அதைத்தான். பனியில் கருகிய கிளையை உடனே வெட்டவும் கூடாது. கருகிய இலைகளே கீழே இருக்கும் மொட்டுகளுக்கு மறைப்பாக நிற்கும். மார்ச் வந்து, நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்து, பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்த பிறகு அங்கிருந்து கவாத்து செய்தால் போதும். உயரமான சில்வர் ஓக் மரத்தின் கிளை விரிப்பு கன்றுக்கு மேலே ஓரளவு இருந்தால் இரவில் வானத்தை மறைத்து உதவும், ஆனால் மழைக்காலத்தில் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் அதுவே தின்றுவிடும். அதனால் மே மாதத்தில் அந்தக் கிளைகளைக் கழித்துவிடுகிறேன். டிசம்பருக்குள் வேண்டிய அளவு மறுபடி தழைத்துவிடுகின்றன.

நடுவதற்குச் சரியான காலம் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. பனி ஓய்ந்து, மழை இறங்குவதற்கு முன் வேர் பிடிக்க மூன்று மாத வெயில் கிடைக்கும். ஜூன் மாதத்தில் எல்லா இடங்களிலும் கன்று விற்பார்கள், மலிவாகவும் கிடைக்கும். அப்போது வாங்கினாலும் நட்டுவிடாமல் பையிலேயே வைத்து, ஓட்டு இறவானத்தின் கீழ் மழை படாமல் பார்த்துக்கொண்டு, முதல் குளிர்காலத்தையும் வீட்டுச் சுவரோரமே கழிக்கவிட்டு, அடுத்த மார்ச்சில் மண்ணில் இறக்கலாம்.